ஐம்பத்திரண்டு கம்பம், ஐந்து கம்பி

இரண்டு வருடமாக என் மாடல் ரயில் லேஅவுட்டில், மேசைமேல் நான் கட்டிய குட்டி ரயில் ஊரில், வேலி இல்லாமலே இருந்தது. தண்டவாளம் போட்டாயிற்று, ஜல்லி ஒட்டியாயிற்று, கோலாலம்பூர் செந்தூலின் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் நான்கு வீடுகள் எழுந்துவிட்டன. வீடுகளுக்குப் பின்னால் வாழைக்கூட்டம், துணி காயும் கொடி, கோழிக்கூடு எல்லாம் இருந்தன. ரயிலும் ஓடியது. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு ஒட்டவில்லை. என்ன குறை என்று பிடிபடவே இல்லை. பள்ளி விடுமுறைக்கு வந்த தங்கை மகன் பத்து நிமிடம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இந்தக் கோழியெல்லாம் லைனுக்குள்ள போயிடாதா?"

அதுதான். வீட்டுக்கும் லைனுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. மேசைமேல் வீடும் இருந்தது, ரயிலும் இருந்தது. ஆனால் இது அதற்குப் பக்கத்துவீடு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. செந்தூலில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போனதுதான் எனக்கே ஆச்சரியம். எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றால் முதலில் கண்ணில் படுவது வேலிதான். அதற்கு அப்புறம்தான் ரயில். ஓணான் உட்கார்ந்திருக்கும், அம்மா கரித்துணியைக் காயப் போட்டிருப்பார், பாகற்கொடி ஏறியிருக்கும். ரயிலை நான் சிறுவயதில் முழுசாகப் பார்த்ததே கிடையாது. ஐந்து கம்பிகளுக்கு நடுவே, ஆறு கீற்றாகத்தான் பார்த்திருக்கிறேன்.

லேஅவுட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1.8 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம். நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. மலாயா ரயில்வே மீட்டர்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் ரயில்களை மாடல் செய்பவர்கள் பயன்படுத்தும் அதே தண்டவாளம். அரை மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்துவிட்டேன். காலம் 1970-களின் நடுப்பகுதி. 1957-இல் இங்கிலாந்திலிருந்து வந்த இருபதாம் வகுப்பு டீசல் எஞ்சின் இன்னும் வேலை செய்துகொண்டிருந்த சமயம். அப்பா செந்தூல் பட்டறையில் ஃபிட்டர். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த பட்டறை அது; காலைச் சங்கு ஊதினால் செந்தூல் முழுக்கக் கேட்கும். இப்போது வேலை எல்லாம் பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பட்டறை நிலத்தின் ஒரு பக்கம் பூங்காவாகிவிட்டது. 2005-இல் திறந்த நாடக அரங்கம்கூட ஒரு பழைய ரயில்வே கட்டடத்தில்தான் இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் இல்லை. அதனால்தான் இந்தப் பலகை.

சரி, வேலிக்கு வருகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: பாக்கெட் வாங்கினேன். மாடல் ரயில் உலகில் வேலிக்குப் பஞ்சமே இல்லை. பிரிட்டிஷ் கம்பெனிகளான ரேஷியோவும் பீக்கோவும் பிளாஸ்டிக்கில் வயல்வேலி, நிலைய வேலி எல்லாம் விற்கின்றன. ஜெர்மனியின் ஃபாலர் மர வேலி தருகிறது. ஜப்பானின் காட்டோ, தோமிக்ஸ் பக்கம் போனால் அந்த ஊர் வேலி. எல்லாமே நேர்த்தியானவை. ஒரு வெள்ளை மர வேலியை எடுத்து வீடுகளின் பின்னால் நட்டுப் பார்த்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் என் செந்தூல் இங்கிலாந்துக் கிராமமாகிவிட்டது. வாழைமரம் அப்படியே இருக்கிறது, வீடு அப்படியே இருக்கிறது, வேலி ஒன்று மாறியதும் ஊரே மாறிவிட்டது. அன்றைக்குத்தான் வேலி எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு உறைத்தது. ஒரு ஊர் எதை எடுத்து வேலி கட்டுகிறது என்பதில் அந்த ஊரில் எது மீந்துபோகிறது என்பது தெரிந்துவிடும். மரம் மீந்த ஊர் மரத்தில் கட்டும். ரயில்வேயில் மீந்தது தண்டவாளம். எங்கள் வேலிக் கம்பங்கள் எல்லாம் தேய்ந்து கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டுகள்.

அது என் ஞாபகமா, கற்பனையா என்று உறுதி செய்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுக் கிளம்பினேன். பழைய குவார்ட்டர்ஸ் இருந்த பக்கம், சடக்கிலிருந்து உள்ளே, புதர் மண்டிய ஓர் ஓரத்தில் மூன்று கம்பங்கள் கிடைத்தன. ஒன்று சாய்ந்திருந்தது. ஒன்றின் உச்சியை மரத்தின் வேர் விழுங்கியிருந்தது. மூன்றாவது நேராக நின்றது. 15 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒட்டிவைத்துப் படம் எடுத்தேன், டேப்பை இழுத்து அளந்தேன். தரைக்கு மேலே நாலடி. கம்பத்துக்குக் கம்பம் பத்தடி. தண்டவாளத்தின் இடைத்தகட்டில் ஐந்து ஓட்டைகள், மேலோட்டையில் துருவேறிய முள்ளுக்கம்பியின் ஒரு சுருள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

நாலடியை 87-ஆல் வகுத்தால் 14 மில்லிமீட்டர். பத்தடி என்றால் 35 மில்லிமீட்டர். 1.8 மீட்டர் நீளத்துக்கு 51 இடைவெளி, 52 கம்பம். கம்பத்துக்கு மிகச்சிறிய மாடல் தண்டவாளம் ஒன்று வாங்கினேன். கோட் 40 என்பார்கள். உயரம் அங்குலத்தில் 0.04, ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிச் சொற்பம்தான். பெரிதாக்கிப் பார்த்தால் 88 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்டவாளம். கிளை லைன்களில் போட்டுக் கழிக்கிற மெல்லிய ரகத்துக்கு அது கிட்டத்தட்ட பொருந்தும். ஒவ்வொன்றையும் 20 மில்லிமீட்டருக்கு வெட்டி, ஆறு மில்லிமீட்டர் பலகைக்குள் போக, 14 வெளியே நிற்கும்படி செய்தேன். கையால் நடுவது ஆகாத காரியம். கண்ணுக்குத் தெரியாத அளவு உயரம் மாறினாலும் பக்கவாட்டில் பார்த்தால் பல்வரிசை மாதிரி தெரியும். 14 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மரக்கட்டையை வெட்டி, அதைப் பக்கத்தில் வைத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். அப்புறம், எல்லாம் ஒரே மட்டமாக நின்றதும், மனசாட்சி கேட்காமல் நான்கைந்தை இலேசாகச் சாய்த்துவிட்டேன்.

கம்பிதான் பாடுபடுத்தியது. வேலிக் கம்பியின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 87-இல் ஒரு பங்கு என்றால் 0.03 மில்லிமீட்டர். மனிதத் தலைமுடியைவிட மெல்லியது. அந்த அளவில் ஒன்றைக் கட்டவும் முடியாது, கட்டினாலும் தெரியாது. இந்த இடத்தில் அளவுகோலை ஓரமாக வைத்துவிட்டுக் கண் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் முடிவு. தூரத்தில் நின்று பார்க்கும்போது வேலிக்கம்பி எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரிந்தால் போதும். சிலர் மீன்பிடி நரம்பு பயன்படுத்துவார்கள், சிலர் இழுபடும் ரப்பர் நூல் போடுவார்கள்; கை பட்டாலும் அறுந்துபோகாமல் திரும்பி வந்து நிற்பதால் ரப்பர் நூல் வசதிதான். எனக்கு இரண்டும் சரிப்படவில்லை. அவை விறைப்பாக நிற்கும், அல்லது நிற்காது. நடுவில் ஒன்றும் இல்லை. பழைய வேலிக்கம்பி அப்படியா இருக்கும்? அங்கங்கே ஒரு நெளிவு, ஆள் ஏறி உட்கார்ந்த இடத்தில் ஒரு தொய்வு. செம்புதான் அதைப் பிடித்துவைக்கும்.

கெட்டுப்போன இயர்போன் வயரை உரித்தால் உள்ளே பட்டு மாதிரி மெல்லிய செம்பிழைகள் இருக்கும். அது ரொம்பவே மெல்லிசு, எளிதில் அறுந்துபோகும். ஜாலான் பாசாரில் மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் ஒவ்வொரு வயராகப் பிரித்துப் பார்த்து, 0.1 மில்லிமீட்டர் இழை உள்ள ஒன்றைப் பிடித்தேன். சில வெள்ளிதான். இழையை அப்படியே கட்டினால் கோணல்மாணலாக இருக்கும். ஒரு முனையை வைஸில் கடித்து, மறுமுனையைக் குறட்டில் பிடித்து, மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கைக்குள் ஏதோ இளகி நீள்வது தெரியும். அதோடு நிறுத்திவிட வேண்டும். விட்டுப் பார்த்தால் இழை ஸ்கேல் போட்ட மாதிரி நேராக இருக்கும், கொஞ்சம் விறைப்பும் ஏறியிருக்கும். அந்த இளகும் கணத்தைக் கை கற்றுக்கொள்ள எனக்குப் பத்துப் பன்னிரண்டு இழை அறுந்தது. மேல்வரிசை முள்ளுக்கம்பிக்கு இரண்டு இழைகளைக் கைத்துளையானில் மாட்டி முறுக்கினேன். முள் வைக்கவில்லை, இந்த அளவில் முள் தெரியாது. முறுக்கு மட்டும் வெளிச்சத்தில் மினுங்கி, இது வேறு கம்பி என்று சொல்லிவிடும்.

52 கம்பம், ஐந்து கம்பி, 260 ஒட்டு. ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனையில் ஒரு துளி சூப்பர் குளூ.

கோலாலம்பூரில் இந்த வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூப்பர் குளூ காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத்தான் இறுகுகிறது. நம் ஊரில் காலை நேர ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். அதனால் பசை சட்டென்று பிடிக்கிறது, அதோடு சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும் விடுகிறது. கறுப்பான கம்பத்தில் விபூதி பூசிய மாதிரி. துடைத்தாலும் போகாது. மதியத்துக்கு மேல், ஏர்கோன் ஓடும் அறையில், சின்ன விசிறி ஒன்று காற்றைத் தள்ளிக்கொண்டிருக்க ஒட்டினால் பூப்பது பெரும்பாலும் நின்றுவிடும். மிச்சத்தைப் பெயிண்ட் மூடும். ஆகவே பெயிண்டை ஒட்டியபின் அடியுங்கள். முன்னால் அடித்துவைத்துவிட்டு அப்புறம் ஒட்டாதீர்கள்.

முதல் வேலி மூன்று வாரம் நின்றது. டிசம்பர் மழையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டி முடித்த வேலி அது. தங்கை குடும்பம் வந்து அந்த அறையில் தங்கியது. மூன்று நாள் இராப்பகலாக ஏர்கோன். நான்காம் நாள் பார்த்தால் ஐந்து வரிசைக் கம்பியும் துணிக்கொடி மாதிரி தொங்குகின்றன. ஈரத்தில் ஊறியிருந்த பிளைவுட் காய்ந்து சுருங்கியிருக்கிறது. 1.8 மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் சுருங்கினால் போதும், கம்பிக்குப் போக இடமில்லை. மறுபடி மழை வந்து பலகை ஊதியதும் கம்பி விறைத்து, ஓரக் கம்பங்கள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டன. ஒட்டுகள் பத்துப் பதினைந்து விட்டுப்போயின.

இந்தச் சமயத்தில்தான் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவுக்குத் தம்பி முறையாகப் பழகியவர். தண்டவாளம் பராமரிக்கும் லைன் வேலையில் சேர்ந்து மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்குகிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரயிலைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை, நேராக வேலியின் கடைசிக் கம்பத்துக்குப் போனார்.

"முட்டு எங்க தம்பி?"

எனக்குப் புரியவில்லை.

"கடைசிக் கம்பத்துக்கு முட்டு குடுக்கணும். அஞ்சு கம்பியும் ஒரே பக்கமா இழுக்குது. சும்மா நட்டா எப்படி நிக்கும்? நீ நட்டது சாயாம என்ன செய்யும்?"

கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே, வேலியின் வரிசையிலேயே, தரையிலிருந்து சாய்வாக ஒரு துண்டு மேலேறி ஓரக் கம்பத்தைத் தாங்க வேண்டும். மூலையில் வேலி திரும்பினால் இரண்டு பக்கமும் இரண்டு முட்டு. நீளமாகப் போகிற வேலியை ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. இடையிடையே ஒரு தடித்த கம்பம், அதற்கு இருபுறமும் முட்டு, அங்கே கம்பியை முடித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் அறுந்தாலும் மற்றது நிற்கும். நான் எத்தனையோ மாடல் வேலிகளைப் பார்த்திருக்கிறேன். முட்டு வைத்தவை ஒரு கைவிரலுக்குள் அடங்கும்.

அதோடு விடவில்லை. "கம்பிய லைன் பக்கம் கட்டியிருக்கியே. மாடு எந்தப் பக்கம் இருக்கு?"

செந்தூலில் அப்போது பால்காரர்கள் மாடு வளர்த்தார்கள். வேலிக்கு வெளியே, வீட்டுப் பக்கத்துப் புல்லில்தான் மேய்ச்சல். மாடு முட்டுவது வீட்டுப் பக்கமிருந்து. கம்பி அந்தப் பக்கம் இருந்தால் முட்டும்போது கம்பத்தின்மேல் அழுந்தும், கம்பம் தாங்கும். லைன் பக்கம் இருந்தால் முட்ட முட்டக் கட்டு அவிழ்ந்துகொண்டு போகும். பார்ப்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் முன்பக்கம் ஒட்டியிருந்தேன். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை கற்றுக்கொள்ள வந்த பையனுக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்.

எல்லாவற்றையும் பிரித்தேன். பலகையின் மேலும் கீழும் வார்னிஷ் இரண்டு கோட் அடித்து ஈரம் ஏறாமல் செய்தேன். வேலியை 45 சென்டிமீட்டர் வீதம் நான்கு இழுப்பாகப் பிரித்தேன். ஒவ்வோர் இழுப்பின் முனையிலும் இருக்கும் கம்பத்தைப் பலகையின் அடிவரை இறக்கி, அதே தண்டவாளத்தில் முட்டு வெட்டிச் சால்டர் (ஈயப் பற்று) வைத்துப் பிடித்தேன். கம்பிகள் வீட்டுப் பக்கம் போயின. ஒன்றரை வருடம் ஆகிறது. மழை பார்த்துவிட்டது, ஏர்கோன் பார்த்துவிட்டது, தொய்வு இல்லை. நிஜ வேலியில் எது எதைத் தாங்குகிறதோ, அதே காரணத்துக்காக என் வேலியிலும் அது தாங்குகிறது. பெரிய வேலிக்கும் சின்ன வேலிக்கும் இழுப்பு ஒன்றுதான் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கால்பாலத்தின் கைப்பிடிக் கம்பி வேறு மாதிரியான வேலை. என் பாலம் செந்தூலில் இருந்த எதற்கும் அச்சு அல்ல. பல நிலையங்களில் ஏறி இறங்கியவற்றின் கலவை. ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்கு 0.55. அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது. இங்கே கண்ணுக்காக அளவைக் கூட்ட வேண்டியதில்லை. மூன்றரை அடி உயரம் என்றால் 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே.

ஒரு பலகைத் துண்டில் கத்தியால் பள்ளம் கீறி, நீளவாட்டில் மூன்று கம்பி, குறுக்கே நிற்கும் கம்பங்கள் என்று பொருத்தி வைத்துத்தான் சால்டர் செய்ய வேண்டும். தொல்லை என்னவென்றால் ஓர் இணைப்பைச் சூடாக்கும்போது பக்கத்து இணைப்பு இளகி நழுவிவிடும். வெள்ளீயம் 60, காரீயம் 40 என்று கலந்த சால்டர் 190 டிகிரிக்குள் உருகிவிடுகிறது. பித்தளையோ சூட்டை ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் சொல்கிற ஜாதி. முடிந்த இணைப்பின்மேல் ஈரமான டிஷ்யூவைச் சுற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் நிலைத்திருக்கும். முடித்த கையோடு பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள். சால்டர் ஒட்டத் தடவும் அமிலம் கலந்த ஃபிளக்ஸ் துளி மிஞ்சினாலும் நம் ஊர் ஈரத்துக்கு நாலு நாளில் பச்சை பிடிக்கும், பெயிண்ட் உரியும். படிக்கட்டுச் சரிவுக்குக் கைப்பிடி செய்யும்போது இதே சட்டத்தைச் சாய்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சரிவிலும் கம்பங்கள் செங்குத்தாகவே நிற்கும், நீளக் கம்பி மட்டும் சாயும். அதற்குத் தனியாகப் பள்ளம் கீற வேண்டும்.

வலைக்கம்பி வேலி ஒரு சின்னத் துண்டுதான், சரக்குக் கொட்டகை ஓரத்தில். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடையில் மணப்பெண் முக்காட்டுக்கு விற்கும் மெல்லிய வலைத்துணியில் கால் மீட்டர் கேட்டேன். "கல்யாண வேலையாண்ணே?" என்றார் கடைப்பெண். விஷயத்தைச் சொன்னதும் இருப்பதிலேயே பொடிக் கண்ணுள்ளதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். குறுக்குவாட்டில் வெட்டி, பித்தளைச் சட்டத்தில் இழுத்து ஒட்டி, சாம்பல் நிறம் தெளித்தால் போதும்.

நிறத்தில் ஒரே ஒரு பேச்சு. வெள்ளைக் கைப்பிடிக்குப் புட்டி வெள்ளையை அப்படியே அடிக்காதீர்கள். சின்னப் பொருளில் அது பல் மாதிரி பளிச்சிடும். துளி மஞ்சட்காவி, துளி சாம்பல் கலந்தால் வெயில் பட்ட வெள்ளையாகும். வேலிக் கம்பங்களுக்குப் பழுப்பு அடித்து, அதன்மேல் நிஜமான செந்தூல் செம்மண்ணைப் பழைய ஸ்டாக்கிங் துணியில் சலித்துத் தடவினேன். அந்த மூன்று கம்பங்களின் அடியிலிருந்து ஒரு டப்பாவில் எடுத்து வந்த மண்.

வேலியின் அழகு அதன் காலடியில் இருக்கிறது. புல் வெட்டுபவர் கம்பத்தை ஒட்டி வெட்ட முடியாது. கத்தி கம்பியில் படும். அதனால் வேலி ஓடுகிற கோட்டில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு லாலாங் புல் உயர்ந்து நிற்கும், வெளியே எல்லாம் கட்டையாக இருக்கும். மாடலில் புல்லுக்கு நார்தான்: வெளியில் இரண்டு மில்லிமீட்டர் நார், வேலியடியில் ஆறு மில்லிமீட்டர் நார், நடுநடுவே காய்ந்த வைக்கோல் நிறம். இதைச் செய்து முடித்த இரவு விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ரயிலை ஓட்டினேன். ஐந்து கம்பிக்கு நடுவே ஆறு கீற்றாக எஞ்சின் போனது. நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். அம்மாவுக்கு 79. நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை வேலி மட்டத்துக்கு இறக்கி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. சந்து எங்கடா தம்பி?"

சந்து என்று அம்மா சொன்னது வேலியில் இருந்த ஒரு திறப்பை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் பின்னால். கீழிருந்து இரண்டாவது கம்பியும் மூன்றாவது கம்பியும் விரிந்து, ஒரு ஆள் குனிந்து போகிற அளவு இடம். அந்த வழியாகத்தான் அம்மா தினமும் பதினொன்றரைக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவார். சடக்கு வழியாகச் சுற்றினால் அரை மணி நேரம், சோறு ஆறிவிடும். முதலில் தூக்கை அந்தப் பக்கம் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இடது கையால் மேல்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவாராம். செய்தே காட்டினார், உட்கார்ந்தபடியே. அந்தக் கம்பி எல்லாம் துருப்பிடித்திருக்க, கை பிடிக்கிற ஒரு சாண் மட்டும் வெள்ளிக் காப்பு மாதிரி வழவழவென்று இருக்கும் என்றார். வரிசையில் இருந்த எல்லாப் பெண்களும் பிடித்துப் பிடித்து.

எனக்கு உடனே செய்ய வேண்டும்போல் இருந்தது. இரண்டு கம்பியை விரிக்க ஒரு குறடு போதும், வழவழப்புக்குப் பென்சில் கரி போதும். ஆனால் வேலி சித்தப்பாவின் வேலை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. போன் போட்டேன்.

"அந்த ஓட்டையா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "திங்கக்கிழம கட்டுவோம். வியாழக்கிழம போய்ப் பாத்தா தொறந்திருக்கும். எத்தன தடவ கட்டியிருப்போம்னு கணக்கே இல்ல. உங்கம்மா போறதும் தெரியும், எங்க வீட்டுல போறதும் தெரியும். ரெண்டு தடவ அந்த எடத்துல நான் துணி போட்டு மூடியிருக்கேன் தம்பி. அத வைக்காத."

அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 1995-இல் கொமுட்டர் என்ற மின்சார ரயில் வந்தபோது 25,000 வோல்ட் கம்பி மேலே ஓட, ஆளுயர வேலி வந்தது. குறுக்கே போகும் வழியெல்லாம் அடைபட்டது என்று அன்று நாங்கள் குறைப்பட்டுக்கொண்டோம். இப்போது அந்த வேலியைப் பார்த்தால் எனக்குச் சித்தப்பாவின் குரல்தான் கேட்கிறது. ஆனாலும் அம்மாவின் கை பிடித்த கம்பியை இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. ஒருவர் சந்து என்கிறார், ஒருவர் ஓட்டை என்கிறார்; இடம் ஒன்றுதான். இரண்டு மாதம் அந்த இடத்தைத் தொடாமல் வைத்திருந்தேன்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமையைச் செய்வது என்று முடிவெடுத்தேன். 31-ஆம் கம்பத்துக்கும் 32-ஆம் கம்பத்துக்கும் நடுவே பழைய கீழ்க்கம்பி இரண்டை வெட்டி எடுத்தேன். ஈயம் பூசிய செம்பிழை ஒன்று வெள்ளி நிறத்தில் இருக்கும். அதில் இரண்டு புதுக்கம்பி இழுத்துக் கட்டினேன். அதற்கு மட்டும் துரு அடிக்கவில்லை. கட்டிய முனையின் முறுக்கு, கால் மில்லிமீட்டர், கம்பத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே அம்மா தூக்கிப் பிடித்த கம்பி பழசு, அதில் ஒரு சாண் மட்டும் பென்சில் கரி தேய்த்துப் பளபளப்பாக்கினேன். தரையில், வீட்டுப் பின்வாசலிலிருந்து வேலிவரை புல் இல்லாத ஒற்றையடிப் பாதை. வேலிக்கு அந்தப் பக்கம் அதே பாதை ஜல்லிவரை. அந்த இடத்தில் மட்டும் வேலியடியில் லாலாங் இல்லை, மிதிபட்ட செம்மண்தான்.

சித்தப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "முறுக்கு சரியா இருக்கு" என்று மட்டும் பதில் போட்டார்.

அம்மா மறுபடி வந்து உட்கார்ந்து பார்த்தார். கண் பாதையைப் பிடித்துக்கொண்டு வேலிவரை போய், புதுக்கம்பியில் நின்றது.

"ஓ, இன்னிக்குக் கட்டிட்டாங்களா" என்றார்.